ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லை வட்டாரம்: மொழிகளும் சொல்வழக்கும்

ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களை ஒட்டி அமைந்துள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்கினி உருது ஆகியவை இங்கு பல தலைமுறைகளாக அருகருகே பேசப்படுகின்றன. ஒரே வயலையும் ஆற்றையும் பழத்தையும் அடுத்தடுத்த வீட்டார் வேறு வேறு சொற்களால் குறிப்பிடுகின்றனர். சொற்கள் மனிதர் உலகைக் காணும் விதத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்பது மொழியியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. ஊர்ப்பெயர், நிலவரி, திசை, வழிபாடு, தொழிற்சாலை, பள்ளி எனப் பல துறைகளில் அக்கேள்விக்கான சான்றுகள் இவ்வட்டாரத்தில் கிடைக்கின்றன.

வரலாற்றுப் பின்னணி

ஓசூர் மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள கிருஷ்ணகிரிக்கு வருவதற்குள் நிலம் பல நூறு மீட்டர் இறங்கிவிடுகிறது. பழைய சேலம் மாவட்டம் இந்த இறக்கத்தை வைத்தே மூன்றாகப் பிரித்துப் பேசப்பட்டது. கணவாய்க்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி பாலாகாட், கிருஷ்ணகிரியைச் சுற்றிய நடுப்பகுதி பாராமகால், கணவாய்க்குக் கீழுள்ள சேலம் சமவெளி தலகாட் எனப்பட்டன. பாராமகால் என்ற பெயர் ‘பன்னிரண்டு மாளிகைகள்’ என்ற பொருளில் அப்பகுதியின் கோட்டைகளைக் குறித்தது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது, கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. மூன்று மொழிகளில் எதற்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத வட்டத்தை ‘எந்த மொழியின் பகுதி’ என்று வரையறுப்பது எளிதாக இருக்கவில்லை. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004 பிப்ரவரி 9இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன.

சொல்லும் சிந்தனையும்: கோட்பாடு

ஒருவர் பேசும் மொழி அவரது சிந்தனையைப் பாதிக்கிறது என்ற கருத்து அமெரிக்க மொழியியலாளர்களான எட்வர்ட் சபீர், பெஞ்சமின் லீ வோர்ஃப் ஆகியோரின் பெயரால் அறியப்படுகிறது. வோர்ஃப் வேதிப்பொறியியல் படித்தவர். தீவிபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றினார். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களின் அருகில் கவனமாக இருக்கும் தொழிலாளர்கள், ‘காலி’ப் பீப்பாய்களின் அருகில் தயங்காமல் புகைபிடிப்பதை அவர் பதிவு செய்தார். காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவி எளிதில் வெடிக்கக்கூடியது. ‘காலி’ என்ற சொல் அங்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை ஏற்படுத்தியதே ஆபத்துக்குக் காரணம் என்பது அவர் கருத்து.

மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது, சொல் இல்லாததை மனம் எண்ண முடியாது என்ற தீவிர வடிவத்தை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. அவ்வாறு இருந்தால் மொழிபெயர்ப்பும் புதுச்சொல் ஆக்கமும் நடக்க வழியில்லை. மொழி கவனத்தைச் சில பக்கங்களுக்குப் பழக்குகிறது, சிலவற்றை எளிதில் நினைவுகூரச் செய்கிறது என்ற மென்மையான வடிவத்துக்குச் சோதனைச் சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தமிழிலிருந்தே கிடைத்தது.

திசைச் சொற்கள்

1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இடஞ்சார்ந்த சொற்களை ஆராய்ந்தார். கிராமத்தார் பொருள்களின் இருப்பிடத்தைக் கூறும்போது ‘வடக்கே’, ‘கிழக்கே’ எனத் திசைகளைப் பெரிதும் பயன்படுத்தினர். நகரத்தார் ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்றனர். பேச்சே தேவைப்படாத சோதனைகளிலும் இந்த வேறுபாடு தென்பட்டது. ஒரு மேசையில் கண்ட வரிசையை எதிர்ப்பக்கம் திரும்பி மற்றொரு மேசையில் அடுக்கச் சொன்னால், திசைவழக்கினர் திசை மாறாமலும் இட–வல வழக்கினர் தம் உடலின் பக்கம் மாறாமலும் அடுக்கும் போக்கு காணப்பட்டது. இருவரும் பேசுவது தமிழே. ஆகவே பழக்கத்தை உண்டாக்குவது மொழியின் பெயர் அன்று, அம்மொழிக்குள் அன்றாடம் புழங்கும் சொல்வழக்கு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

தமிழின் கிழக்கு ‘கீழ்’ என்பதிலிருந்தும், மேற்கு ‘மேல்’ என்பதிலிருந்தும் வந்தவை. மேற்கே மலை, கிழக்கே கடல் என்ற நிலச்சரிவு அச்சொற்களுக்குள் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கிழக்கே கொண்ட கேரளத்திலும் அத்திசை ‘கிழக்கு’ என்றே வழங்குவதை, மலையாளம் தமிழிலிருந்து கிளைத்ததற்கான சான்றாகக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். கன்னடம் வேறு வழியில் செல்கிறது. அதில் கிழக்கு ‘மூடண’, அதாவது ஞாயிறு எழும் பக்கம். மேற்கு ‘படுவண’, ஞாயிறு படும் பக்கம். ஓசூர்ப் பீடபூமியில் அடுத்தடுத்த வீடுகளில் ஒன்று நிலத்தின் சரிவையும் மற்றொன்று ஞாயிற்றின் போக்கையும் வைத்து ஒரே திசைக்குப் பெயரிடுகின்றன. இன்று பேசுவோர் எவரும் அச்சொற்களின் வேரை எண்ணிப் பேசுவதில்லை. எனினும் அம்மொழிகளை முதலில் பேசியோர் எதைப் பார்த்துத் தம் இருப்பிடத்தை அறிந்தனர் என்பது அச்சொற்களில் எஞ்சியுள்ளது.

ஊர்ப்பெயர்கள்

ஓசூரின் பழைய பெயர் செவிடபாடி எனக் கூறப்படுகிறது. இன்றைய பெயர் கன்னடத்தின் ‘ஹொச ஊரு’, அதாவது புதிய ஊர். பழங்கன்னடத்தில் இச்சொல் ‘பொச’ என்றிருந்தது. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டிலிருந்து கன்னடத்தில் சொல்முதல் பகரம் படிப்படியாக ஹகரமாக மாறியது. தமிழின் பால், புலி, பூ ஆகியவற்றுக்கு இணையான கன்னடச் சொற்கள் ஹாலு, ஹுலி, ஹூ என ஆனது இம்மாற்றத்தால்தான். பின்னர் தமிழ் வழக்கில் ஹகரமும் நீங்கி ‘ஓசூர்’ ஆனது. பொச, ஹொச, ஓசூர் என்ற வரிசையில் இரு மொழிகளின் ஒலி வரலாறு ஒரு பெயருக்குள் அடங்கியுள்ளது.

இதே மாற்றத்தை ஊர்ப்பெயர்களின் ஈறுகளிலும் காணலாம். பள்ளி என்பது கன்னடத்தில் ‘ஹள்ளி’ ஆகி, தமிழ் எழுத்தில் ‘அள்ளி’ எனவும் எழுதப்படுகிறது. தொரப்பள்ளி, கெலவரப்பள்ளி, வேப்பனப்பள்ளி ஆகியவை பகரத்தைக் காத்துள்ளன. தருமபுரிப் பக்கத்து மாரண்டஅள்ளி அதை இழந்துள்ளது. இப்பெயர்களில் பள்ளி குடியிருப்பைக் குறிக்கிறது. இன்றைய தமிழர் அதைக் கேட்டவுடன் கல்விக்கூடத்தை நினைப்பது பிற்காலப் பழக்கம்.

எழுத்துமுறையும் பொருளை மறைப்பதுண்டு. கன்னடத்தில் ‘பெரிய’ என்ற பொருள்தரும் சொல் தமிழ் எழுத்தில் ‘தொட்ட’ என வருவதால், அஞ்செட்டிப் பக்கத்துத் தொட்டமஞ்சு என்ற பெயர் தமிழ் மட்டும் அறிந்தவருக்குத் ‘தொடுதல்’ என்பதை நினைவூட்டும். மாட்டுப்பட்டியைக் குறிக்கும் கன்னடச் சொல் ‘தொட்டி’ என எழுதப்படும்போது தண்ணீர்த் தொட்டியாகத் தோன்றும். பெட்டமுகிலாளம் என்ற மலையூரின் ‘பெட்ட’ கன்னடத்தில் மலை. பெயரின் பொருள் தெரிந்தவருக்கு நிலம் தன் கதையைச் சொல்கிறது. தெரியாதவருக்கு அது வெறும் ஒலியாகிறது.

ஆற்றின் பெயரும் எல்லையில் மாறுகிறது. தமிழ்நாட்டில் தென்பெண்ணை எனப்படும் ஆறு கர்நாடகத்தில் தட்சிண பினாகினி. சிவனின் வில்லான பினாகத்தோடு அப்பெயர் இணைக்கப்படுகிறது. கிருஷ்ணகிரியின் முதன்மை விளைபொருளான மாம்பழத்திலும் இவ்வாறே. கூழ் தயாரிக்கப் பெரிதும் பயன்படும் தோத்தாபுரி வகையை உழவர்கள் ‘பெங்களூரா’ என்கின்றனர். நுனி வளைந்திருப்பதால் தமிழில் ‘கிளிமூக்கு’ என்றும் கன்னடத்தில் ‘கிணிமூதி’ என்றும் பெயர். சந்தையின் பெயர் பழம் எந்த ஊருடையது என்பதைச் சொல்ல, வீட்டுப் பெயர் அதன் வடிவத்தைச் சொல்கிறது.

நிலத்தின் வகைப்பாடு

கம்பெனி ஆட்சியில் பாராமகாலை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோ ஆகியோர் உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் முறையை 1790களில் இங்கு வளர்த்தெடுத்தனர். பின்னர் இது ரயத்துவாரி எனச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது. பட்டா, ஜமாபந்தி, தாசில்தார் போன்ற சொற்கள் அந்நிர்வாகத்தின் வழியே சிற்றூர்வரை நிலைபெற்றன. அளந்து எண்ணிட்ட நிலம் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு எனப் பிரிக்கப்பட்டது.

இவற்றுள் புறம்போக்கு என்ற சொல்லின் வரலாறு கவனத்துக்குரியது. வரிக்கணக்குக்குப் புறத்தே போனது என்பது அதன் பொருள். ஏரி, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, பாதை எனப் பொதுவில் அனைவருக்கும் பயன்பட்டவை இத்தலைப்பின்கீழ் வந்தன. காலப்போக்கில் அச்சொல் பேச்சுவழக்கில் வசையாகவும் மாறியது. ஊருக்குப் பொதுவானது என்ற நினைவு தேய்ந்து, எவருக்கும் உரிமையற்றது என்ற எண்ணம் வளர அச்சொல்லும் ஒரு காரணமாயிற்று. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் மேய்ச்சல் நிலத்துக்குக் ‘கோமாளா’ என்று பெயர். மாடு மேயும் இடம் என்ற பயன் அப்பெயரிலேயே வெளிப்படையாக உள்ளது. தமிழ்நாட்டு ஆவணத்தின் ‘மேய்க்கால் புறம்போக்கு’ பயனையும் சொல்லி, கணக்குக்கு வெளியே என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

பழைய தமிழில் இல், மனை இரண்டும் வாழிடத்தைக் குறித்தன. தெலுங்கு ‘இல்லு’ என்றும் கன்னடம் ‘மனே’ என்றும் வீட்டை இன்றும் அழைக்கின்றன. இன்றைய தமிழில் மனை என்பது பெரும்பாலும் வீடு கட்டவிருக்கும் வெற்றிடம். பெங்களூருவின் வளர்ச்சியால் நிலவிலை ஏறிய ஓசூரில், தமிழில் ‘மனை விற்பனைக்கு’ என்று எழுதினால் காலியிடம். அதே ஒலியைக் கன்னடத்தார் கேட்டால் கட்டிய வீடு.

கட்டாய இலக்கணமும் அதன் எல்லையும்

ஒரு மொழி எதைச் சொல்ல அனுமதிக்கிறது என்பதைவிட எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்துகிறது என்பதே முக்கியம் என ரோமன் யாகப்சன் கருதினார். தமிழில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேட்பவரையும் சேர்ப்பதா விலக்குவதா என்பதைப் பேசுபவர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாகவேண்டும். தெலுங்கிலும் மனம், மேமு என்று இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றே. ‘நம்ம ஊர்’ என்பதற்கும் ‘எங்க ஊர்’ என்பதற்கும் இடையிலான நெருக்கத்தையும் விலகலையும் கன்னடம் வேறு சொற்களால் உணர்த்துகிறது.

இத்தகைய சான்றுகளிலிருந்து அவசர முடிவுகளுக்கு வரலாகாது. தெலுங்கில் ‘வச்சிந்தி’ என்ற வினை ‘வந்தாள்’, ‘வந்தது’ இரண்டையும் குறிக்கும். பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் ஒரே வினைமுற்று. அதனால் தெலுங்கு பேசுவோர் பெண்களை அஃறிணையாகக் கருதுகின்றனர் என்று கொள்வது தவறு. தனி வினைமுற்று வைத்துள்ள தமிழும் கன்னடமும் பேசும் சமூகங்களில் பெண்களின் நிலை அதனாலேயே உயர்ந்துவிடவும் இல்லை.

நிறப்பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. ‘பச்சை’ தமிழில் இலையின் நிறம். அதன் இனச்சொல்லான தெலுங்குப் ‘பச்ச’ மஞ்சளையும் குறிக்கும். இலைநிறத்தைத் தனியே சுட்ட ‘ஆகுபச்ச’ என்பர். கன்னடத்தில் அதே வேர் ஹசிரு என்று பச்சையையும், ஹசி என்று வேகாததையும் குறிக்கிறது. வேகாததையும் காயாததையும் தமிழும் பச்சை என்றே சொல்கிறது. மூன்று மொழியினரின் கண்களும் ஒரே நிறத்தையே காண்கின்றன. நிறங்களுக்கிடையே கோடு எங்கே விழுகிறது என்பதே மாறுகிறது. பிரெண்ட் பெர்லின், பால் கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின், இக்கோடுகள் முற்றிலும் மனம்போனபடி விழுவதில்லை என்பதும் விவாதத்தின் பகுதியாயிற்று.

நடுகல்லும் வேடியப்பனும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளமாக உள்ளன. ஆநிரை கவர்தலிலும் மீட்பிலும் போரிலும் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட இவற்றைக் கன்னடத்தில் ‘வீரகல்லு’ என்பர். பல சிற்றூர்களில் இதே கல் ‘வேடியப்பன்’ என்ற பெயரில் வணங்கப்படுகிறது. கல்வெட்டாய்வாளருக்கு அது ஆண்டும் அரசன் பெயரும் கொண்ட ஆவணம். ஊராருக்கு அது பொங்கலிட வேண்டிய சாமி. மல்லசந்திரத்தின் பெருங்கற்காலக் கல்திட்டைகள் போன்றவற்றைப் ‘பாண்டவர் வீடு’, ‘குள்ளர் வீடு’ என்று அழைக்கும் வழக்கும் தென்னிந்தியாவில் பரவலாக உள்ளது. ஈமச்சின்னம் என்ற சொல் அதைப் பாதுகாக்கப்பட வேண்டிய தொல்பொருளாக்குகிறது. வேடியப்பன் என்ற சொல் தலைமுறைகளாக அதை உடையாமல் காத்து வந்துள்ளது.

கலைச்சொல் முயற்சி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10இல் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். ஓசூரிலும் பின்னர் பெங்களூரு மத்தியக் கல்லூரியிலும் படித்தார். சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, 1916இல் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்குவதற்கான சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். அச்சங்கம் வேதியியல், இயற்பியல், கணிதம் முதலிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து இதழில் வெளியிட்டது. பின்னாளில் இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலை எழுதினார்.

சொல் இல்லாததால் தமிழில் அறிவியலைக் கற்பிக்க முடியாது என்ற வாதம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. சொல்லை ஆக்கிக்கொள்ளலாம் என்பதே இச்சங்கத்தின் விடை. ஆக்கும் சொல் வடமொழி வேரிலிருந்து வருவதா, தமிழ் வேரிலிருந்து வருவதா என்ற விவாதம் அடுத்த பத்தாண்டுகளில் கூர்மையடைந்தது. ரசாயனம் வேதியியலாகவும், பௌதிகம் இயற்பியலாகவும் மாறியது அவ்விவாதத்தின் விளைவு.

தொழிற்சாலைச் சொற்கள்

1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டுத் தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட், ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. 1980 வாக்கில் டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட் உற்பத்தியும் அசோக் லேலண்டு ஆலையும் இங்கு தொடங்கின. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலையும் ஓசூரில் அமைந்தது. 2021இல் போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

ஆலைக்குள் ஷிப்ட், லைன், ஃபிட்டர், வெல்டர், ஓ.டி. என்ற ஆங்கிலச் சொற்கள் தமிழருக்கும் தெலுங்கருக்கும் கன்னடத்தாருக்கும் பொதுவாயின. இவற்றுடன் கைசன், கன்பன், முடா என்ற ஜப்பானியச் சொற்களும் வந்தன. டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் தர மேலாண்மைக்காக 2002இல் டெமிங் பரிசு பெற்றது. முடா என்றால் வீண். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ இதை ஏழாக வகுத்தார்: மிகை உற்பத்தி, காத்திருப்பு, இடமாற்றம், தேவையற்ற செய்முறை, தேக்கம், தேவையற்ற உடலசைவு, குறைபாடு. குனிந்து ஒரு திருகாணியை எடுப்பது முன்பு வேலையின் பகுதி. இச்சொல் வந்தபின் அது எண்ணத்தக்க, நீக்கத்தக்க வீண். தொழிலாளியின் முதுகுவலி குறையவும் இது உதவும். அவர் மூச்சுவாங்கும் இடைவெளி சுருங்கவும் இது வழிசெய்யும். சொல் ஒன்று காட்சியை மாற்றுவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

பதவிப் பெயர்களின் ஆற்றல் இன்னும் நேரடியானது. நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, டிரெய்னி, அப்ரண்டிஸ் ஆகியோர் ஒரே லைனில் அருகருகே நிற்கலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். ஒப்பந்தத் தொழிலாளர் குறித்து 1970இல் தனிச்சட்டம் வந்தது. ஊதியம், வைப்புநிதி, வேலைப் பாதுகாப்பு ஆகியவை கையில் உள்ள கருவியைப் பொறுத்தல்ல, அடையாள அட்டையில் உள்ள சொல்லைப் பொறுத்து அமைகின்றன. இங்கு சொல்லின் விளைவு மாதச் சம்பளத்தில் தெரிகிறது.

பள்ளியும் சட்டமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளுடன் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் உள்ளன. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதியை வலியுறுத்துகிறது. தமிழ்நாடு அரசு 2006இல் இயற்றிய தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2015–16ஆம் கல்வியாண்டில் அது பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றத்தை நாடினர். தேர்விலிருந்து விலக்குகள் அளிக்கப்பட்டன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விலக்கை மேலும் ஓராண்டுக்கு நீட்டித்தது.

இரு தரப்பிலும் நியாயமான கவலைகள் உள்ளன. தாம் வாழும் மாநிலத்தின் மொழியை எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர், அரசு அலுவலகத்திலும் வேலைவாய்ப்பிலும் பின்தங்குவார் என்பது ஒன்று. வீட்டில் பேசும் மொழிக்கு எழுத்தும் தேர்வும் இல்லாது போனால், அது ஓரிரு தலைமுறைகளில் சமையலறைப் பேச்சாகச் சுருங்கும் என்பது மற்றொன்று. கர்நாடகத்தின் தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றி அங்குள்ள தமிழர் கொள்ளும் கவலையும் இதுவே.

மதிப்பீடு

மகாராட்டிர – கர்நாடக எல்லையிலுள்ள குப்வார் என்ற சிற்றூரை ஆராய்ந்த ஜான் கம்பர்ஸ், ராபர்ட் வில்சன் ஆகியோர், அங்கு பேசப்படும் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் இலக்கண அமைப்பு நூற்றாண்டுகளின் பழக்கத்தால் ஒன்றையொன்று நெருங்கியதையும், சொற்கள் மட்டும் தனித்தனியே நின்றதையும் 1971இல் விளக்கினர். எல்லையோர மக்கள் ஒரே வாக்கிய அமைப்பில் சொற்களை மாற்றிப் பொருத்திப் பேச முடிவதே, மொழி எவரையும் முழுமையாக அடைத்துவைப்பதில்லை என்பதற்குச் சான்று.

ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தின் சான்றுகளும் அதையே காட்டுகின்றன. பச்சையும் மனையும் பொருள் மாறினாலும் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர். அப்படி எளிதில் கடக்க முடியாதவை புறம்போக்கு, அப்ரண்டிஸ் போன்ற, அதிகாரம் பின்னணியில் உள்ள சொற்களே. இன்று ஒடியா, வங்காளம், அசாமியம், இந்தி பேசும் தொழிலாளர்களும் இவ்வட்டார ஆலைகளில் பணியாற்றுவதால், சந்தையிலும் வாடகை வீடுகளிலும் சொற்களின் எண்ணிக்கை மேலும் பெருகி வருகிறது.